வஜ்ஜிரம் கலக்கிய கை

என் அக்கா மாரக்காளுக்கு நான் நூற்று முப்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். இளம்பிள்ளையில் இருந்த தன் ஓட்டு வீட்டைச் செவ்வாய்ப்பேட்டை வட்டிக்காரர் செங்கோட்டையனிடம் அடகு வைத்து, என் அச்சுத் தொழிலுக்கென்று வாங்கிக் கொடுத்தாள். தைப்பூசத்துக்குள் மீட்காவிட்டால் வீடு அவருக்கு. அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

மாரக்காள் சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். தறிக்காரர்களின் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது அவள் பிழைப்பு. கரண்டி தொடமாட்டாள். முழங்கை வரை கஞ்சிக்குள் விட்டு, கட்டி இருக்கிறதா என்று விரலாலேயே பார்ப்பாள். எனக்குச் சோறு போட்டு ஆளாக்கியதும் அந்தக் கைதான்.

நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே சட்டம் கட்டித் துணியில் படம் அச்சிட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். படித்தவன் எவனும் துணியவில்லை. மரச்சட்டத்தில் மெல்லிய பட்டுத்துணியை இழுத்துக் கட்ட வேண்டும். அதில் பசை பூசி, இருட்டில் காய வைத்து, படத்தை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் இறுகிவிடும். படம் மறைத்த இடம் வெந்நீரில் கரைந்து மைக்கு வழிவிடும். ஆகவே பசை சரியாக இருந்தால்தான் எல்லாம். தைப்பூசத்துக்கு மயில் போட்ட துண்டு முந்நூறு வேண்டும் என்று ஒரு ஜவுளிக்காரர் சொல்லியிருந்தார். வீடு மீள அது ஒன்றுதான் வழி.

முதலில் முட்டை வெள்ளைக்கருவில் பார்த்தேன். இருபது துண்டுக்குள் உரிந்து போனது. ஜெலட்டின் மதராஸிலிருந்து வரவேண்டும், யுத்தத்தில் யானை விலை. மிஞ்சியது தச்சர்கள் மரம் ஒட்டும் வஜ்ஜிரம். மலிவு, இறுகினால் விடாது. யாரையும் கேட்காமல் நானே தேர்ந்தெடுத்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்குப் பெருமைதான்.

எந்தப் பசையும் வெயிலுக்கு இறுக ஒரு செம்மஞ்சள் உப்பு சேர்க்க வேண்டும். சாயக்கடை மணியன் அதைக் குச்சியால் தள்ளித்தான் பொட்டலம் கட்டினார்.

"கையில தொட்டறாதீங்க. எங்கிட்ட வேலைக்கு இருந்த ஆண்டிங்கறவனுக்கு மூக்குத்தண்டுல ஓட்டை உழுந்துருச்சு."

"சாயத்துக்குப் போடற உப்புதானுங்களே."

"அவனும் அப்படித்தானுங்க சொன்னான்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா சிரித்தாள். "மூக்கை உட்டுக் கலக்கச் சொல்லி அவனுக்கு ஆருடா சொன்னது?"

உருகிய வஜ்ஜிரத்தில் உப்பைப் போட்டுக் கையாலேயே கலக்கினாள். பூசிய சட்டத்தை, பாவு காயப்போடுகிற பழக்கத்தில், முற்றத்து வெயிலில் சாய்த்துவிட்டாள். படம் வைப்பதற்கு முன்பே முழுவதும் இறுகிப்போனது. மறுபடி கலக்கினாள். உப்புக் கலந்த பசை ஒரு நாளைக்குமேல் தாங்காது, இருட்டிலும் தானாக இறுகிவிடும். தினமும் விடிந்ததும் புதிதாகக் கலக்கவேண்டியிருந்தது.

முதலில் விரலிடுக்கில் நமைச்சல் என்றாள். பிறகு எறும்பு கடித்தாற்போல் சிவப்பு. பிறகு மிளகு பதியும் அளவுக்கு வட்ட வட்டமாகக் குழிகள்.

"கரண்டி புடிங்கக்கா."

"கரண்டிக்குக் கட்டி தெரியாது சாமி. ஒரு கட்டி நின்னாலும் மயிலு கெட்டுப்போயிரும். அப்புறம் ஊடும் போயிரும்."

"வலிக்குதுங்களா?"

"வலிச்சாத் தேவலையே. ஒண்ணுமே தெரியலைடா." குழிகளை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊரில் பேச்சு பரவியது. மாரக்காள் கையில் என்னவோ வந்திருக்கிறதாம் என்றார்கள். அந்த மார்கழியில் கஞ்சி போட அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுச் சென்னியம்மாள் மோர் கொடுக்கும்போது சொம்பைக் கையில் தராமல் தரையில் வைத்தாள்.

மயில்கள் மட்டும் குறையே இல்லாமல் விழுந்தன. முந்நூறாவது துண்டிலும் கொண்டை கலையவில்லை. ஜவுளிக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, பேரம் பேசாமல் பணம் தந்தார். பேரம் பேச அவருக்கு நான் இடம் வைக்கவில்லை.

பூசத்துக்கு முதல் நாள் நேரே அக்காவிடம் போனேன்.

"கையை நீட்டுங்கக்கா. உங்க ஊட்டை நீங்களே மீட்டுக்குங்க."

நீட்டினாள். பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். காற்றில் மேலிருந்த நோட்டு படபடத்தது.

"விரலை மடக்கிப் புடிங்க, பறந்துரும்."

"மடங்க மாட்டேங்குதுடா," என்றாள். "நீ எண்ணு."

என் இடது கையால் நோட்டுகளை அழுத்திக்கொண்டு, மிச்சத்தையும் அந்த விரிந்த கையிலேயே எண்ணி வைத்தேன்.