ஹெஸ்டர் கிளெக் தட்டிக்கழிக்காத வழக்கு

ஹெஸ்டர் கிளெக், வட இங்கிலாந்தில் ஓல்டாம் ஊரில் மீன் வறுத்து விற்ற குடும்பத்துப் பெண். முப்பது வருஷமாக லண்டனின் வக்கீல் பேட்டையான டெம்பிளில் வக்கீலாகக் குப்பை கொட்டியும் அந்த வடக்கத்திப் பேச்சு அவளை விட்டுப் போகவில்லை. அவளும் போகவிடவில்லை. நீதிபதிகளில் சிலருக்கு அவள் எழுந்தாலே தலைவலி வரும். வரட்டுமே!

அவளுடைய பிழைப்பில் இரண்டு பாதி உண்டு. பெரிய கம்பெனிகள் எங்கோ தூரதேசத்தில் மண்ணையும் தண்ணீரையும் கெடுத்துவிட்டு லண்டனில் தலைமை அலுவலகம் வைத்து உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போன ஊர்க்காரர்களுக்காக அந்தக் கம்பெனிகளோடு மல்லுக்கு நிற்பது ஒரு பாதி. வேறொரு நாடு, “இந்த ஆளை எங்களிடம் ஒப்படையுங்கள், வழக்கு இருக்கிறது” என்று கேட்கும்போது, அந்த ஆளுக்காக நாடுகடத்தல் கோர்ட்டில் வாதாடுவது மறுபாதி. ஒரு பாதி மறுபாதியின் வழிக்கு வந்ததே இல்லை, அந்த மார்ச் மாதம் வரை.

ஆறு வருஷமாக அவள் கையில் இருந்தது ஜாம்பியா நாட்டு ஆற்றங்கரைப் பெண்களின் வழக்கு. செம்புச் சுரங்கத்துக் கழிவு ஆற்றில் கலந்தது. மீன் செத்தது, மக்காச்சோளம் கருகியது, பிள்ளைகள் படுத்தார்கள். படுத்தவர்களில் சிலர் எழவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாருக்குமாகப் பேச, பனா முசோண்டா என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். முக்கிய விசாரணை திங்கட்கிழமை தொடங்கவிருந்தது. அதற்காக அவள் ஒரு வாரம் முன்பே லண்டன் வந்து, குளிரில் விறைத்துக்கொண்டு, வழக்குக் காகிதங்களைத் தயாரித்து ஹெஸ்டரிடம் கொண்டுவந்த சொலிசிட்டர் பிடித்துக் கொடுத்த அறையில் தங்கியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்தா இது வர வேண்டும்? வக்கீல்களுக்கு வழக்குப் பிடித்து, தேதி ஒதுக்கி, கட்டணம் பேசுகிற கிளார்க் லென்னி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். லண்டன் பெர்மண்ட்சிக்காரன். அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கு இருந்தது.

“என்ன லென்னி, யாராவது செத்துட்டாங்களா?”

“இல்ல மிஸ். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாடுகடத்தல் கேஸ் வந்திருக்கு. இருந்த வக்கீலம்மா ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. கட்சிக்காரர் பேரு ஜெரால்ட் பைக்.”

ஹெஸ்டர் பேனாவை வைத்துவிட்டாள். பைக்கை யாருக்குத் தெரியாது? தென்னமெரிக்காவில் ஒரு சுரங்கத்தின் மேனேஜராக இருந்தவன். கம்பெனி வேறு, கண்டம் வேறு, ஆனால் கதை அதேதான். கழிவுநீர் அணை உடைந்து தொழிலாளர்கள் சேற்றில் புதைந்தார்கள். பைக் அடுத்த விமானத்தில் ஏறி லண்டன் பக்கத்துச் சர்ரேயில் தன் வீட்டுத் தோட்டத்துக்கு வந்துவிட்டான். இப்போது அந்த நாடு அவனைக் கேட்கிறது.

இங்கேதான் இந்த வக்கீல்களின் பழைய விதி குறுக்கே வருகிறது. ஸ்டாண்டில் முதலில் நிற்கிற டாக்சிக்காரன், ஏறுகிறவன் மூஞ்சியைப் பார்த்து வண்டி எடுக்கக் கூடாது அல்லவா? அதே போலத்தான். தெரிந்த சட்டமாக இருந்து, கட்டணம் சரியாக இருந்து, அன்றைக்கு வேறு வேலை இல்லை என்றால், வந்த கட்சிக்காரனைப் பிடிக்கவில்லை என்று தட்டிக்கழிக்க முடியாது.

லென்னி குரலைத் தாழ்த்தினான். “மிஸ், நான் ஒரு வார்த்தை சொல்றேன் கேளுங்க. வெள்ளிக்கிழமை உங்களுக்கு வேற கோர்ட்டுன்னு டைரியில ஒரு வரி போட்டுடறேன். எல்லா வக்கீல் சேம்பர்லயும் பண்றதுதான். ஒரு பய கேக்க மாட்டான்.”

“வெள்ளிக்கிழமை எனக்கு வேற கோர்ட் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப என்னத்தைப் போடுவ?”

“ஐயோ, கொஞ்சம் யோசிங்க! அந்த ஜாம்பியா அம்மாவுக்குத் தெரிஞ்சா உங்க முகத்துல முழிப்பாங்களா? ஆறு வருஷ உழைப்பு!”

ஹெஸ்டர் யோசிக்காமல் இல்லை. பைக்கை நினைத்தால் அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிடிவாதத்தில் அவள் கோவேறு கழுதை. “இன்னைக்கு நான் ஆள் பார்த்துக் கழிச்சேன்னா, நாளைக்கு ஊரே காறித் துப்புற ஒருத்தனுக்கு யாருடா வருவா? அவன் நிஜமாவே ஒண்ணும் பண்ணாதவனா இருந்தா? கேஸ் கட்டை அனுப்பு, படிக்கணும்.”

அந்த ஜாம்பியாப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? மறுநாள் காலையே ஹெஸ்டரே சொலிசிட்டருக்குப் போன் போட்டு, பனா முசோண்டாவைக் கூப்பிடச் சொல்லி, தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். பிறர் சொல்லிக் கேட்கக் கூடாது என்பது அவள் எண்ணம்.

“அம்மா, நீங்க எங்க ஊருக்கு வந்தீங்க. எங்க கையால நிஷிமா களி சாப்பிட்டீங்க. இப்ப அந்த மாதிரி ஆளோட பக்கத்துல போய் உக்காரப் போறீங்களா?”

“பக்கத்துல இல்ல, அவனுக்கு முன்னால. ஆமா, போறேன்.”

“வெள்ளிக்கிழமை நானும் வர்றேன். பாத்துட்டு, நீங்க எங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு சொல்றேன்.” போன் வைக்கப்பட்டது.

அன்றிரவு ஹெஸ்டர் பைக்கின் கேஸ் கட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்குப் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், அந்தப் பெண்கள் ‘இவளும் அவர்கள் ஆள்தான்’ என்று நினைத்துவிடுவார்களே என்பது.

வெள்ளிக்கிழமை, மேரிலபோன் சாலையிலுள்ள நாடுகடத்தல் கோர்ட். மேலே பார்வையாளர் வரிசையில் பனா முசோண்டா, குளிர்கோட்டுக்கு மேலேயே ஊர்ப் பெண்கள் உடுத்தும் சிட்டெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெஸ்டர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பைக் குற்றமற்றவன் என்று அவள் சொல்லவில்லை. அது அந்தக் கோர்ட்டின் கேள்வியும் இல்லை. அவனை அடைக்கப்போகிற சிறையைத்தான் பிடித்துக்கொண்டாள். அங்கே கைதிகள் முறை வைத்துத் தூங்குகிறார்கள், மழைக்காலத்தில் சாக்கடை அறைக்குள் ஏறுகிறது. ‘நல்ல அறை கொடுப்போம்’ என்று அந்த நாட்டு அரசு ஒரு வரி எழுதியிருந்தது. எந்தச் சிறை, எந்த அறை, கூட எத்தனை பேர், எதுவும் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மென்று விழுங்கினார். ஹெஸ்டர் விடவில்லை. நீதிபதியம்மா, “மிஸ் கிளெக், புரிந்துவிட்டது” என்று இரண்டு தடவை சொன்ன பிறகும் விடவில்லை. குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. “எவ்வளவு வெறுக்கப்பட்ட மனிதனாக இருந்தாலும் சாக்கடைத் தண்ணீரில் படுக்க வைத்துவிட்டு, விசாரணை நடத்தினோம் என்று சொல்ல எந்த நாட்டுக்கும் உரிமை கிடையாது!”

கடைசியில் நீதிபதி அதைத்தான் சொன்னார். அறை எது என்று தெளிவாக எழுதி உறுதி கொடுத்தால் பைக் போய் வழக்கைச் சந்திக்க வேண்டும். கொடுக்கும் வரை அனுப்ப முடியாது. பைக் தப்பவில்லை, ஆனால் சாக்கடைக்குள்ளும் போகப் போவதில்லை. அவன் ஹெஸ்டருக்கு நன்றி சொன்னான், பல்லைக் கடித்துக்கொண்டு.

கீழே கேண்டீனில் சொலிசிட்டர் ஒதுங்கி உட்கார்ந்துகொள்ள, பனா முசோண்டா டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். ஹெஸ்டர் எதிரே உட்கார்ந்து டாக்சி விதியைச் சொல்லி முடித்தாள். கெஞ்சவில்லை, மழுப்பவும் இல்லை.

பனா முசோண்டா நிதானமாகக் கேட்டாள். “அப்ப எங்க கேஸ்ல கம்பெனிக்குப் பேசுறாரே, ஹாலட்னு நரைச்ச தலைக்காரர், அவரும் இப்படித்தான் வந்தாரா?”

“ஆமா. ஸ்டாண்டுல அவர் வண்டி நின்னுச்சு, கம்பெனி ஏறிடுச்சு.”

“அவருக்கு எங்க மேல கோபம் கிடையாதா?”

“கிடையாது.”

“வெறுப்பு?”

“அதுவும் இல்ல. உங்களை அவருக்குத் தெரியாதே.”

கரண்டி கோப்பையிலேயே நின்றுவிட்டது. “ஆறு வருஷமா அந்த ஆளைச் சபிச்சிட்டுத்தான் படுக்கறேன். நாங்க அழுததுல அவருக்கு ஒரு சந்தோஷம்னு நெனச்சேன். அப்படி நெனச்சது எனக்கு ஒரு தெம்பா இருந்துச்சு. இப்ப வந்து அவருக்கு ஒண்ணுமே இல்லங்கறீங்களே. இதுதான் அம்மா தாங்க முடியல.”

இத்தனை வருஷ வக்கீல் தொழிலில் ஹெஸ்டரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது, விதிக்காக அல்ல, அதைச் சொல்லும்போது தன் குரலில் இருந்த பெருமைக்காக.

“நான் வேணுமா, வேண்டாமா? சொல்லிடுங்க,” என்றாள் ஒருவழியாக.

“ஊர்ல போய் விதி, டாக்சின்னு சொன்னா பொம்பளைங்க என்னை வெளுத்துடுவாங்க. அதனால, பிடிக்காத ஆளுக்கே அந்தக் கத்துக் கத்தினவ, நமக்கு எவ்வளவு கத்துவான்னு மட்டும் சொல்லிக்கிறேன். திங்கட்கிழமை குரல் ஒரு பிடி குறைஞ்சாலும் நானே எழுந்து வந்து உன்னை வெளியே தள்ளுவேன்.”

“தள்ளுங்க,” என்றாள் ஹெஸ்டர். கண் கலங்கிவிட்டது, துடைக்கவில்லை.

திங்கட்கிழமை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வருவதற்கு முன், பனா முசோண்டா தன் இடத்துக்குப் போகாமல் நேரே எதிர்த்தரப்பு மேசைக்குப் போனாள். சொலிசிட்டர் பதறிக் கையைப் பிடிக்க எழுந்தாள். ஹெஸ்டர், “விடுங்க” என்றாள்.

ஹாலட் நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, என்னை எல்லாரும் பனா முசோண்டான்னு கூப்பிடுவாங்க. முசோண்டாவோட அம்மான்னு அர்த்தம். முசோண்டா என் பொண்ணு. ஆத்துத் தண்ணி குடிச்சுச் செத்துட்டா. பாட்டு நல்லாப் பாடுவா.”

ஹாலட் மெல்ல எழுந்து நின்றார். “எனக்குத் தெரியாதும்மா,” என்றார்.

“இப்ப தெரியும்ல?” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து வந்து, ஹெஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.