தலையில் வைக்கக்கூடாத கை

மணல் குவியலுக்குப் பின்னால் குந்தியிருந்த காசம்மாளின் நெற்றி முன்னால் தள்ளியது. உள்ளங்கை அதைப் பின்னால் தள்ளியது. இரண்டும் அசையவில்லை. உதடு மட்டும் ஐந்துவரை எண்ணியது. பிறகு கை காதுக்கு மேலே போனது. அங்கேயும் அதே மல்லுக்கட்டு. கடைசியில் விரல்களைக் கோத்துப் பின்தலையில் வைத்து, தலையை அவற்றின்மேல் அழுத்தினாள். அப்புறம் எழுந்து, சேலைக்குமேல் போட்டிருந்த ஆண்சட்டையைத் தட்டிவிட்டு, சும்மாட்டைச் சுருட்டினாள்.

மடுகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வில்லியனூருக்கு வரும் சித்தாள் அவள். நாற்பதைத் தாண்டியிருக்கும், அவளுக்கே தெரியாது. செங்கல்லும் கலவையும் சுமந்து கழுத்து இறுகிவிட்டது. யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவாள். ‘கதவு’ என்று கூடவேலை செய்கிறவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். “வெறுங் கதவு இல்லடா, கீலு போன கதவு” என்று அவளே திருத்திக் கொடுப்பாள்.

பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருக்கும் நான் அந்தக் கட்டடத்தில் சிமென்ட் மூட்டைகளுக்குக் காவல். என்னைப் படிக்கவைத்ததும் அம்மா தூக்கிய தலைச்சுமைதான். அதனால் அவளைக் கவனிக்கிறேனா, பொழுது போகாமலா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு சின்னப் பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சியாம் அது. கழுத்தைச் சுழற்றக்கூடாது, வெடுக்கென்று திருப்பக்கூடாது. மூச்சை அடக்காமல், வலிக்காத அளவுக்கு அழுத்த வேண்டும். பலம் மெல்லத்தான் ஏறும். கை மரத்தால் பயிற்சியும் வேண்டாம், சுமையும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். சுமையை அடியோடு விட்டால் இன்னும் நல்லது என்றும் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

“வுட்டுட்டு இன்னாத்த துன்றது தம்பி?”

இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. இரவில் புரண்டு படுக்க முடிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகத்தைப் பார்த்தே பேசினாளாம். அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

வீட்டில் செய்ய வழியில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தால் குடும்பம் விளங்காது என்று நாத்தனார் விருத்தாம்பாள் தெருவுக்கே கேட்கக் கத்துவாள். அதனால்தான் மணல் குவியல்.

தளத்துக்குப் பலகை அடிக்கத் தொடங்கிய அன்று வீடு கட்டுகிற வீட்டுக்காரர் தெய்வநாயகம் விடிந்ததும் வந்துவிட்டார். கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். சகுனம் பார்க்காமல் கல்லாவைத் திறக்கமாட்டார். மணலைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றார்.

“இன்னாபா கண்ணையா, உன் ஆளு தலைல கைய வெச்சிக்கினு குந்திக்கினு இருக்குது. எழவு வூடா இது?”

மேஸ்திரி கண்ணையன் ஓடிவந்தார். அது வைத்தியம் என்று நான் குறுக்கே சொன்னேன். சுமை தாங்கும் கழுத்துக்குப் பலம் ஏற்றும் பயிற்சி என்று விளக்கினேன். தெய்வநாயகம் கோபப்படவில்லை.

“பி.ஏ. படிச்சிட்டா அபசகுனம் வைத்தியமா பூடுமா?” என்று சிரித்துக்கொண்டே போனார். வேறு எப்படிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்? இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணையன் தீர்த்துச் சொல்லிவிட்டார். இனி அவள் கை தலைக்குப் போகக்கூடாது. போனால் இந்த வேலையும் கிடையாது, அவர் எடுக்கும் அடுத்த வேலையும் கிடையாது.

“கழுத்து என்னுதுதான் தம்பி. தல வூட்டுக்காரருது” என்று காசம்மாள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

தளம் போடும் நாள் வருவதற்குள் கழுத்து பழையபடி இறுகிவிட்டது. தூக்கம் போய்விட்டதென்று ஒருமுறை சொன்னாள்.

தளம் போட்ட அன்று காலையிலிருந்து சித்தாள்களின் வரிசை நிற்கவில்லை. கீழே கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றுவார்கள். சாரத்தில் ஏறி மேலே கொட்டிவிட்டு இறங்க வேண்டும். பாதியில் வேலையை நிறுத்தினால் தளம் கெட்டுவிடும் என்று கண்ணையன் விரட்டிக்கொண்டே இருந்தார். பிற்பகலில், இறங்கி வந்த காசம்மாள் வலது கையை உதறினாள். விரல்களை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை.

மரத்துவிட்டதா என்று கேட்டேன்.

“பேசாத இரு தம்பி. மேஸ்திரி பாக்குறாரு.”

அவள் முறை வந்தது. இருவர் சட்டியைத் தூக்கி அவள் சும்மாட்டின்மேல் வைத்தார்கள். காசம்மாள் இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கி, சட்டியின் விளிம்பில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, சாரத்தில் கால் வைத்தாள்.