இன்னும் ஒரு பாகம் இருக்கிறது

போன சனிக்கிழமையிலிருந்து தலைகால் தெரியாத உற்சாகத்தில் இருக்கிறேன். காரணம், ஒரு ஜெர்மன்காரர். ஓர்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதியவர். செத்து நூறு வருஷமாவது இருக்கும். அவர் பெயரைச் சொல்ல நான் முயன்றால் என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள்!

அறிமுகப்படுத்தியவர் அன்ரன். மோர்னிங்சைட்டில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பிறம்ரன் பக்கம் ட்ரக் ஓட்டுகிறார். மன்னாரில் மாதா கோயில் பாண்டில் ஊதத் தொடங்கியவர், இங்கே ஓர் அமெச்சூர் ஓர்கெஸ்ட்ராவில் ட்ரொம்போன் ஊதுகிறார். முன்னும் பின்னும் இழுத்து ஊதுவார்களே... அந்தப் பித்தளை வாத்தியம்.

இந்த ஜெர்மன்காரரின் சிம்பொனியை ட்ரக்கில் கேட்டுப் பைத்தியமானவர், இதை நாம் வாசித்தே ஆகவேண்டும் என்று இரண்டு வருஷமாக இசை நடத்துநரை அரித்தெடுத்திருக்கிறார். யாரும் கேள்விப்படாத ஆளைக் கேட்க யார் வருவார்கள் என்று கமிட்டியில் முணுமுணுப்பு. ஒருமுறை பார்ப்போம், சரிவராவிட்டால் இனி எல்லாருக்கும் தெரிந்த இசைதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பை நான் எடுத்தேன். நாற்பது தமிழர்கள்! வெறுங்கையோடு போகலாமா? நம் வழக்கப்படி அன்ரனுக்கு ஒரு பொன்னாடை வாங்கினோம். போர்த்துவது யார்? நான்தான். இந்த ஊரில் அது எனக்குப் பாதி உத்தியோகம்.

சனிக்கிழமை மாலை, மண்டபத்தில் இசை தொடங்கியது. என்ன சொல்ல! வயலின்கள் ஏறிக்கொண்டே போக, ஹோர்ன்கள் அடியிலிருந்து தூக்கிக் கொடுக்க... இதையா இவ்வளவு காலம் மூடிவைத்தார்கள் என்று எனக்குக் கோபமே வந்தது. மூன்றாவது பாகம் பாய்ந்தோடி, முரசெல்லாம் அதிர, படாரென்று முடிந்தது. இதற்குப் பிறகு இன்னும் என்ன இருக்க முடியும்? நாற்பது பேரும் எழுந்து கைதட்டினோம். நான் பொன்னாடையை விரித்தபடி விறுவிறென்று மேடையேறினேன்.

அன்ரனின் முகம் வெளிறிப்போனது.

“அண்ணை, இன்னும் ஒரு பாகம் இருக்கு,” என்றார் மெதுவாக. “நான் இன்னும் ஊதவேயில்லை.”

உண்மைதான். மனிதர் அதுவரை வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் இருந்திருக்கிறார். நான் கவனித்தேனா? நாலாவது பாகம் தொடங்குவதே அவருடைய தனி வாசிப்பில்தானாம். இரண்டு வருஷப் பாடும் அதற்காகத்தான்... குறுக்கே பொன்னாடையோடு நான்! முன்வரிசையில் கமிட்டிக்காரர்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

நடத்துநர் ஒரு நரைத்த தலைப் பெண்மணி. சிரித்துக்கொண்டே, போர்த்திவிடுங்கள் என்று கையால் காட்டினார். போர்த்திவிட்டு ஓடிவந்து என் இடத்தில் இருந்தேன்.

ஜரிகை வாத்தியத்தில் சிக்காதபடி, பொன்னாடையின் ஒரு தலைப்பைத் தொடைக்கு அடியில் செருகினார் அன்ரன். மூச்சை இழுத்தார். ஊதினார்.

தனியாக, தாழ்ந்த குரலில், துளி நடுக்கமில்லாமல்... முக்கால் மணி நேரம் சும்மா இருந்த உதடா இது? பிறகு வயலின்கள் மெல்ல வந்து சேர்ந்துகொண்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. இந்த முறை நாங்கள்தான் கடைசி — பக்கத்து வெள்ளைக்காரரிடம், முடிந்துவிட்டதா என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டுதான் எழுந்தோம். அடுத்த வருஷமும் அதே ஜெர்மன்காரர்தான் என்று கமிட்டி அங்கேயே சொல்லிவிட்டது.

எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன். போர்த்திய பிறகு அதற்குரிய வேலையைச் செய்து காட்டியவர் அன்ரன் ஒருவர்தான்!