பிரின்ஸ்டெட்டில் யாருமே பார்த்திராத ஆள்

லீலண்ட் யோஸ்ட் இருபத்திரண்டு வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நீலப்படங்களில் நடித்துப் பிழைத்தவன். திரையில் அவனுக்கு வேறு பெயர். அதை இங்கே எழுதினால் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்குத் திடீரென்று இருமல் வரும், வேண்டாம். படப்பிடிப்பில் நடந்த சண்டையில் ஓர் இயக்குநரின் மூக்கை உடைத்தான், ஜாமீனில் வெளியே வந்தான், விசாரணைக்கு முந்தின நாள் காணாமல் போனான்.

ஒளிந்துகொள்ள அவன் தேர்ந்தெடுத்தது அயோவாவில் எங்கள் பிரின்ஸ்டெட்டை. சுற்றிலும் சோளக்காடு, நடுவே ஒரு லூத்தரன் தேவாலயம், அதற்குள் வாராவாரம் நூறு உத்தமர்கள். இந்த ஊரில் எவன் தன் படத்தைப் பார்த்திருக்கப் போகிறான் என்று நினைத்தான், பாவம். தாடி வளர்த்து, கண்ணாடி மாட்டி, வால்ட் என்று பெயர் சொல்லிக்கொண்டு ஆர்லோ டீட்கனின் ஹார்டுவேர் கடையில் வேலை கேட்டுப் போனான்.

விண்ணப்பத்தில் ‘முந்தைய வேலை’ என்றிருந்த இடத்தை ஆர்லோ தானே கோடு போட்டு அடித்துவிட்டார். ஊரில் எந்த ஆணும் அவன் பூர்வீகத்தை விசாரிக்கவில்லை. பெண்கள் கேட்க வாயெடுத்தால் கணவன்மார் அவசரமாக மழையைப் பற்றிப் பேசினார்கள். என்ன பண்பான ஜனங்கள் என்று லீலண்ட் பூரித்துப்போனான்.

மூன்று குளிர்காலம் ஆர்லோ அவனை உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். பனிக்கட்டி மேல் நிறுத்திய தகரக் குடிலுக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஒரே பிளாஸ்கில் காபி குடித்தார்கள். உடுப்போடு இருக்கும்போதும் தன்னைப் பிடித்துப்போன முதல் மனிதர் இவர்தான் என்று லீலண்ட் நம்பினான். மாட்டினால் சிறை என்பதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தச் சிநேகிதம் போய்விடுமே என்றுதான் பயம்.

தவக்காலத்துப் புதன்கிழமை ஒன்றில் அவனுக்கு ஜாமீன் பணம் கட்டிய கம்பெனி, ஓடிப்போனவனைப் பிடித்துவர அனுப்பிய யெசேனியா வந்து சேர்ந்தாள். தேவாலயத்தின் அடித்தளத்தில் ஊரே கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. லீலண்ட் ஏப்ரன் கட்டிப் பட்டாணி சூப் ஊற்றிக்கொண்டிருந்தான். அவள் கொண்டுவந்த பழைய போட்டோவில் தாடி இல்லை, சட்டையும் இல்லை.

“இந்த ஆளை யாராவது பாத்திருக்கீங்களா?”

போட்டோ மேசை மேசையாகப் போயிற்று.

“நம்ம பக்கத்து ஆளே கிடையாதும்மா.”

“முகமே புதுசா இருக்கு.”

போதகர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “யாரோ நீச்சல் வீரர் மாதிரி இருக்கு” என்றார்.

ஆர்லோ பார்த்த வேகத்தில் தள்ளிவிட்டார். “என் ஆயுசுல பாத்ததில்ல. இந்த மாதிரி ஆளுங்களை நாங்க ஊருக்குள்ளயே விடமாட்டோம்.”

எனக்காகத் தேவாலயத்திலேயே பொய் சொல்கிறாரே என்று லீலண்டுக்கு உள்ளம் குளிர்ந்தது.

யெசேனியா நேரே சூப் பானையிடம் வந்தாள். “லீலண்ட் சார், கரண்டியைக் கீழ வெச்சிட்டு வாங்க.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“எந்த ஊர்ல போட்டோவைக் காட்டினாலும் சனங்க சுத்திமுத்திப் பாப்பாங்க. இங்க பொம்பளைங்க பாத்தாங்க. ஆம்பளைங்க அத்தனை பேரும் குனிஞ்சு தட்டைப் பாத்தாங்க. ஒருத்தர்கூட சூப் ஊத்துற பக்கம் திரும்பல. உங்க படம் பாத்து எல்லாருக்கும் உங்களை நல்லாவே தெரியும் சார். வந்த அன்னிலேர்ந்தே தெரிஞ்சிருக்கும்.”

விலங்கு மாட்டி அவனை நடத்திப் போனபோது பெண்கள் மொய்த்துக்கொண்டு, “யாரு இவன்? என்ன நடிகன்? எந்தப் படம்?” என்று கேட்டார்கள். கணவன்மாருக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவும் வேலை தலைக்கு மேல் இருந்தது.

கார் கிளம்பும்போது ஆர்லோ கோட்டுகூடப் போடாமல் பனியில் ஓடி வந்தார். லீலண்டுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தெரிந்தும்தான் பழகியிருக்கிறார், இதைவிட வேறென்ன வேண்டும்? ஆர்லோ ஜன்னலில் தலையை நுழைத்தார்.

“வால்ட்டு, உனக்குப் புண்ணியமாப் போகும்ப்பா. கோர்ட்டுல யாரு கேட்டாலும், எனக்கு உன்னை அடையாளம் தெரியும்னு மட்டும் சொல்லிராத. என் பொண்டாட்டி பாடகர் குழுவுல இருக்கா.”

“சொல்ல மாட்டேன்” என்றான் லீலண்ட்.

ஆர்லோ நிம்மதியாக மூச்சு விட்டார். போய் வா என்றுகூடச் சொல்லாமல், சூப் ஆறிவிடும் என்று திரும்பி நடந்தார். லீலண்டுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.