அக்கா மகளுக்கு நான் பாடிய சீர்

தமிழில் ஓயாமல் பாடிய என் அபிமானப் பின்னணிப் பாடகர், ஒரு ஹிந்தி இசையமைப்பாளருக்குப் பாடியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அத்தனையையும் மனப்பாடமாகப் பாடுகிறவன் எங்கள் மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் நான் ஒருவன்தான். அப்படித்தான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கராவோக்கே கூட்டாளி எவனாவது, "அவரு ஹிந்தியிலயும் பாடியிருக்காரா?" என்று கேட்டால் போதும், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "இது தெரியாம நீயெல்லாம் எதுக்குடா மைக்கப் புடிக்கிற?" என்பேன். அர்த்தம் கேட்டால், "சொன்னாப் புரியாதுலா, உணரணும்" என்று கண்ணை மூடிக்கொள்வேன். உண்மையில் ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. தமிழ் எழுத்தில் எழுதி வைத்து ஒப்பிக்கிறவன் நான்.

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். அத்தான் காலமாகிவிட்டார். தாய்மாமன் என்று நான்தான் முன்னே நின்றேன். அவளுக்கு முன்பு நியாலாஸ் ஊர்ப் பையன் ஒருவனைப் பிடித்திருந்தது. வேலை நிலையில்லாதவன் என்று குறுக்கே நின்று கெடுத்தவன் நான். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த விஷயம் போகக் கூடாது, மூச்சு விடக் கூடாது என்று அக்காவிடமும் அவளிடமும் சத்தியம் வாங்கியவனும் நானே.

தாலி கட்டிய மறுநாள் மண்டபத்தில் டின்னர். எங்கள் பக்கம் டின்னர் என்றால் கேக் வெட்டுவார்கள், சொந்தக்காரர்கள் மேடையேறிப் பாடுவார்கள். நான் விடுவேனா? அந்த அபூர்வப் பாட்டுகளில் நல்ல துள்ளலான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். "இதுதான் பொண்ணுக்கு மாமாவோட சீர்!" என்று மைக்கில் வேறு அறிவித்தேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றிச் சுற்றி வந்து பாடினேன். எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் மஸ்ஜித் தானா என்ற ஊர்க்காரர்கள். அவர்களுடைய அண்டை வீட்டு மலாய்க்காரப் பெண்கள் ஒரு மேசை நிறைய வந்திருந்தார்கள். டிவியில் ஹிந்திப் படங்களை அடியில் ஓடும் மலாய் எழுத்தோடு பார்த்துப் பார்த்தே ஊறியவர்கள். நான் மேடையிலிருந்து இறங்கும்போது அவர்களில் வயதான ஒரு மாக்சிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கெசியான்லா, பாவம்" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் மலாயில் படக்கதையையே சொல்லிவிட்டார். காதலித்தவள் வேறொருவனைக் கட்டிக்கொள்கிறாளாம். அவள் கல்யாணத்துக்கே வந்து, சிரித்துக்கொண்டே காதலன் பாடும் பாட்டாம் அது.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, இத எதுக்கு இங்க பாடுனீங்க? பொண்ணுக்கு ஏதும் இருந்துச்சா?"

"எனக்கு ஹிந்தி தெரியாதுங்க." இதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து மேசையில் என் கராவோக்கே கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தது. தூ! அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைவிட எனக்கு என் பவிசு பெரிதாகிவிட்டது. "சும்மா, ஒரு ஃபீலிங்லதான்..." என்று இளித்தேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் இறுகியது.

அதற்குள் பெண்ணே மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

"ஐயோ அத்தை! மாமாவுக்கு ஹிந்தி ஒரு எழுத்துகூடத் தெரியாது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாரு. நீங்க வேற!" என்று சத்தமாகச் சிரித்தாள்.

சம்பந்தியம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கூட்டாளிகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

எல்லாரும் கிளம்பும் நேரத்தில் இருவரும் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். காலில் விழுந்து எழுந்தவள், மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் என் காதருகே வந்தாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

"அந்த நியாலாஸ்காரரே வந்து பாடியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது மாமா."