சுண்ணாம்பு அடித்த லயம்

பிள்ளைகளே, காலை ஏழு மணிக்குக் கண்டியிலிருந்து ஜீப்பில் புறப்பட்டோம். பேராதனைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். அதன்பின் கலஹா வரை வளைவும் தேயிலையும்தான். அடைமழையில் மலை நகர்ந்து தோட்ட வீடுகள் ஆட்டம் கண்டிருந்தன. எவற்றில் ஆட்கள் இருக்கலாம் என்று பார்ப்பது எங்கள் வேலை. எஞ்சினியர் யாழ்ப்பாணத்தவர். நான் அளவு நாடா பிடித்து, இருக்கலாம் என்றால் பச்சைக் கோடும், கூடாது என்றால் சிவப்புக் கோடும் வாசல் சுவரில் போடுகிறவன்.

ஒன்பது மணிக்கு லயத்தில் இறங்கினோம். ஒரே கூரையின் கீழ் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள். சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை.

"வெடிப்பு ஒண்டையும் காணேல்லையே" என்றார் எஞ்சினியர். முதல் நான்கு வீட்டுக்கும் பச்சை போட்டேன்.

ஐந்தாவது வீட்டில் மாரியாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண், கைக்குழந்தையோடு நின்றாள். சுவரைத் தொட்டேன். ஈரம்.

"எப்பம்மா அடிச்சீங்க?"

"நேத்துத்தாங்க. பெரியவங்க வர்றப்ப கீறலோட சுவத்தைக் காட்டினா மரியாதையா இருக்குமா? களிமண்ணை அப்பி அடிச்சிட்டோம்."

"அடக் கடவுளே! அந்தக் கீறலைப் பாக்கத்தானே வந்தோம்!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கண்ணே. தோட்டத்துத் தொரை வந்தாலும் இப்படித்தான் அடிப்போம். நீங்க வர்றது வேற மாதிரின்னு யாரு சொன்னா?"

ஒருவரும் சொல்லவில்லைதான்.

"தங்கச்சி, கொஞ்சம் சுரண்டிக் காட்டுங்கோ" என்றார் எஞ்சினியர்.

தேயிலைச் செடி வெட்டும் புருஷனின் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து சுரண்டினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பிளவு வழியாகப் பக்கத்து வீட்டு அடுப்பு தெரிந்தது. சிவப்புப் போட்டேன்.

"அப்ப எங்க படுக்கிறது?"

"பிள்ளைக் காம்பராவைத் திறக்கச் சொல்லுறன்" என்றார் எஞ்சினியர். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம் அது.

"பச்சை போட்ட நாலு வீடும்?" என்றேன்.

எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "பின்னேரம் ஊரடங்கு. இன்னும் ரெண்டு தோட்டம் பாக்கக் கிடக்கு. இன்னொரு நாள் வருவம்."

"ராத்திரி மழை பெய்ஞ்சா, சேர்?" என்றேன்.

மாரியாயி பதிலுக்கு நிற்கவில்லை. குழந்தையை என் கையில் திணித்துவிட்டு, முதல் வீட்டுச் சுவரில் கத்தியைப் பாய்ச்சினாள்.

"அடியே, என் சுவத்தை என்னடி பண்ற?" என்று உள்ளிருந்து ஒருத்தி கத்தினாள்.

"சுவரு அழகா இருக்கணுமா, நீ உசிரோட இருக்கணுமா? வெளிய வாடி!"

எஞ்சினியர் நாடாவை விரித்தார். அந்த நான்கையும் சுரண்டிப் பார்த்ததில் மூன்று சிவப்பாயின.

திரும்புகையில் ஊரடங்கு தொடங்கிவிட்டது. பேராதனையில் எங்களை மழையில் நிற்க வைத்தார்கள். எனக்கு ஆத்திரம் அவர்கள் மேல் இல்லை. நம் கூரை ஒழுகினால் உங்கள் அம்மா தெருவுக்கே கேட்கச் சத்தம் போடுவாள். அங்கே வீடு விழப்போவதைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று அந்தச் சனத்தைப் பழக்கியது யார்? துரை வரும்போதெல்லாம் தோட்டத்தில் அவர்களுக்குச் சுண்ணாம்பு கொடுத்தார்கள். ஒருவரும் சிமெந்து கொடுக்கவில்லை.