பி.டி. சார் வாங்கிய அடி

உளுத்தம்மாவையும் முட்டையின் வெள்ளைக்கருவையும் குழைத்துத் துணியில் தடவி, மேலே மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டினால், இரண்டு மூன்று நாளில் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பும். புளித்த மாவும் நனைந்த நாயும் சேர்ந்தாற்போன்ற அந்த வாடையோடுதான் எங்கள் ராஜேந்திரன் மாமா ஒரு சித்திரை மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு. கேட்டவர்களிடமெல்லாம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். கேட்டவர்களும் "அப்படியா, பாத்து நடக்கக் கூடாதா" என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் முதுகு திரும்பியதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கிணற்றடியில் பாசியே இல்லை என்பதும், அந்தக் கையை உடைத்தது என் திலகா அத்தை என்பதும் தெருவுக்கே தெரியும்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு தங்கைகள். மூத்தவள் திலகா அத்தை, இளையவள் வசந்தா அத்தை. திலகா அத்தையைக் கட்டிக்கொண்டவர்தான் ராஜேந்திரன் மாமா. வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கு அவர் "பி.டி. சார்". வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவார். மைதானத்தில் அவர் விசில் ஊதினால், படித்துறையில் குளித்துக்கொண்டிருக்கும் பையன்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லாததால், எங்கள் தெருக் கோடியிலிருந்த அவர்கள் வீட்டில்தான் பள்ளி விட்டதும் நான் பாதி நேரம் கிடப்பேன்.

அந்த வருஷம் தை மாதத்தில், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, திருவாரூரில் கட்டிக்கொடுத்திருந்த வசந்தா அத்தையை அவள் புருஷன் அறைந்து உதட்டைக் கிழித்துவிட்டான் என்று செய்தி வந்தது. பெரியப்பா களத்திலிருந்த ஆட்களை அப்படியே விட்டுவிட்டு வந்து, மூன்று சுமோ பிடித்து, சொந்தக்காரர்கள், பங்காளிகள், கட்சிக்காரர்கள் என்று அடைத்துக்கொண்டு கிளம்பினார். "எங்க வீட்டுப் பொண்ணு மேல கை வைக்க அவன் யாரு" என்று வாசலில் நின்று அவர் கேட்டது நான்கு வீடு தள்ளிக் கேட்டது. முன்வண்டியின் முன்சீட்டில் ராஜேந்திரன் மாமாவை உட்காரவைத்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எதிராளிக்குப் பயம் வரவேண்டும் என்பதற்காக அவருடைய உடம்பை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். திருவாரூரில் மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தபோது மாமா பேசாமல் உள்ளே போய், வசந்தா அத்தையின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தாராம். அதை வசந்தா அத்தை பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவளை அழைத்து வந்ததில் ஒரு தப்பும் இல்லை. அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பம் தன் வாழ்நாளில் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அன்றைக்கு நான் என் பெரியப்பாவைப் பெரிய நியாயவான் என்று நம்பினேன். நம்பிக்கை வைகாசிவரைகூட நிலைக்கவில்லை.

திலகா அத்தைக்குக் கோபம் வரும் என்பது எங்கள் வீட்டில் ஒரு பெருமை. "எங்க திலகா வெடுக்குன்னு பேசிருவா", "மாப்ளைக்கு அவ வச்சதுதான் சட்டம்" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார்கள். இதே குணம் திருவாரூர்க்காரனிடம் இருந்தபோது அதற்கு மிருகத்தனம் என்று பெயர். எங்கள் வீட்டுப் பெண்ணிடம் இருந்தபோது அதற்குத் துடுக்கு என்று பெயர். மாமாவின் கழுத்தில் நகக்கீறல் இருக்கும். முழங்கைக்கு மேலே தோசைக்கரண்டியின் விளிம்பு அளவுக்கு ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. வெயில் காலத்திலும் அவர் முழுக்கைச் சட்டை போடுவதைப் பார்த்து, சாருக்கு நாகரிகம் கூடிவிட்டது என்று கேலி செய்தார்கள்.

கை உடைந்த அன்று நான் அங்கே இருந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய பணியாரத் தூக்கோடு கொல்லைப்பக்கமாகப் போனேன். வெந்நீர் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அவ்வளவு பெரிய மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். அத்தை சவுக்கு விறகு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து அடித்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டுக் கைகளின் இடுக்கு வழியாகப் பார்த்தவர், மெதுவாகச் சொன்னார்.

"திலகா, பாப்பா வந்திருக்கு."

அத்தை விறகை அடுப்புக்குள் செருகினாள், அதற்காகவே எடுத்தவள்போல. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்கை வாங்கி, "உள்ள வா, சூடா ரெண்டு சாப்பிடு" என்றாள். அடிக்குக் காரணம், சம்பளத்தன்று அவர் தன் அண்ணன் மகனுக்குப் பள்ளிக்கூடச் சட்டை எடுத்து அனுப்பியதாம்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து அழுதுகொண்டே சொன்னேன். அடுத்த நிமிஷம் சுமோக்களுக்கு ஆள் போகும் என்று நினைத்தேன். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்; அழுகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. பெரியப்பா மறைக்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். அடுக்களையில் அம்மாவும் பெரியம்மாவும் சிரித்த சிரிப்பு வேறு மாதிரி. வாழ்நாள் முழுக்கத் தங்களால் முடியாததை ஒருத்தி செய்துவிட்டாள் என்கிற திருப்தி அதில் இருந்தது. தங்களை ஒரு நாளும் திட்டாத ஒரு மனிதர்மேல் அந்தக் கணக்கு தீர்ந்ததில் அவர்களுக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் மறுவாரமே பெயரை மாற்றிவிட்டது. பி.டி. சார் "விறகு சார்" ஆனார். பையன்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. டீக்கடையில் பெரியப்பா எதையும் மறைத்துப் பேசும் பழக்கம் கிடையாது.

பிறகு மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. எல்லா ஊரிலும் நடப்பதுபோல எங்கள் ஊரிலும் ஒரு பட்டிமன்றம் போட்டார்கள், குடும்பத்தில் அதிகாரம் யாருக்கு என்கிற, காலங்காலமாக அரைத்து அரைத்துச் சக்கையாகிப்போன தலைப்பில். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், பூரிக்கட்டையை வைத்து என்னவெல்லாம் சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னார். பெண்டாட்டியிடம் அடி வாங்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்குவதற்குப் பதிலாக, ஓரமாகக் கட்டோடு உட்கார்ந்திருந்த மாமாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மேடையிலிருந்தவருக்கு விஷயம் தெரியாது. தன் நகைச்சுவைக்குத்தான் இத்தனை வரவேற்பு என்று நினைத்து மேலும் மேலும் சொன்னார். மாமாவும் சிரித்தார். பல் தெரிய, மற்றவர்கள் நிறுத்தும்வரை நிறுத்தாமல் சிரித்தார். ஒரு மனிதர் தன்னைத் தானே விட்டுக்கொடுப்பதை அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அவரைக் கூடத்தில் உட்காரவைத்துப் பெரியப்பா புத்தி சொன்னார். வசந்தா அத்தை காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாப்ள இப்படி மானத்த வாங்குறீங்க? மொத நாளே நாலு அறை விட்டிருந்தீங்கன்னா அடங்கியிருப்பா. ஆம்பளைதானே நீங்க?"

எங்கள் வீட்டுப் பெண் மேல் கை வைக்க அவன் யார் என்று கேட்ட அதே வாய். சொன்னவருக்கு அது நினைவே இல்லை. வசந்தா அத்தைதான் பேசினாள், உரக்கக்கூட இல்லை.

"அப்ப எங்க வீட்டுக்காரரு பண்ணது சரிங்கிறீங்களா அண்ணே?"

"அது வேற, இது வேற" என்றார் பெரியப்பா.

"எனக்கு ஒரு அறைக்கு ரத்தம் வந்துச்சு, ஊரையே கூட்டிக்கிட்டு வந்தீங்க. இவருக்குக் கையே ஒடைஞ்சிருக்கு. நீங்க சிரிக்கிறீங்க. அடி வாங்குனவளுக்குத் தெரியும்ணே, வலி வேற வேறயா இருக்காது."

பெரியப்பா பேப்பரைப் பிரித்தார். வாதத்தில் தோற்றால் அவர் எப்போதும் செய்வது அது. அப்பா வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா பார்க்கவேண்டும் என்று எழுந்து போனார். ஆற்றில் அப்போது மணல் மட்டும்தான் இருந்தது.

அவர்களுக்கு அடி என்பது பொருட்டே இல்லை என்பது அன்றைக்கு எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. திருவாரூருக்கு அவர்கள் போனது வசந்தா அத்தையின் உதட்டுக்காக அல்ல, தங்கள் மீசைக்காக. ஆண் என்றால் அவனுக்கு வலிக்காது, பெண் என்றால் அவள் கை ஒரு கையே அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நம்புகிறவர்களால்தான் உடைந்த எலும்பைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

வசந்தா அத்தை அதோடு விடவில்லை. மாமா வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த ஏட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "சார் என்ன ஒசரம்?" என்று கேட்டாராம். ஆறடி என்று மாமா சொன்னார். "அம்மா?" என்று அடுத்த கேள்வி. திலகா அத்தையின் உயரத்தையும் மாமா மரியாதையாகச் சொன்னார். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, "போங்க சார், வெளிய சொல்லாதீங்க, நம்ம ஆம்பளைங்க மானமே போயிரும்" என்று ஏட்டு எழுந்து நின்று வழியனுப்பினாராம்.

கோடை விடுமுறை முடிவதற்குள் மாமா தன் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிவிட்டார். ஒரு காலையில் இடது கையில் சூட்கேஸோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தலையைத் தூக்கவில்லை. வசந்தா அத்தை உள்ளேயிருந்து போய், அவர் தோளில் தொங்கிய இன்னொரு பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். பஸ் வந்தது. ஏறும்போது மாமா, "நீ சொன்னதுக்கு அப்பறம்தான் எனக்கே வலிச்சுது வசந்தா" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பையை அவள் தூக்கிக்கொண்டு போனதற்கு ஊர் உடனே ஒரு கதை கட்டியது. அடிபட்ட ஆணுக்காக ஒரு பெண் பேசினால் அதற்குக் கள்ள உறவைத் தவிர வேறு காரணம் அந்த மூளைகளுக்கு எட்டவில்லை. வசந்தா அத்தை தஞ்சாவூருக்குப் போய் நர்ஸ் வேலைக்குப் படித்தாள், அங்கேயே தங்கிவிட்டாள். திலகா அத்தைக்கோ ஒரே நாளில் பட்டம் மாறியது. நேற்றுவரை புலி, இன்று, புருஷன் அம்போ என்று விட்டுவிட்டுப் போன பாவப்பட்ட பெண். மாமாவுக்கு "ஓடிப்போனவன்" என்று பெயர் வைத்தார்கள். அடித்தவளுக்கு இரக்கமும் அடி வாங்கியவருக்குப் பழியுமாக விஷயத்தை முடித்துவிட்டு, எங்கள் நீதிமான்கள் குறுவை நாற்றங்காலைக் கவனிக்கப் போனார்கள்.

மாமா ஓய்வு பெற்று, அண்ணன் பிள்ளைகளோடு இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். இந்த மாசியில் நான் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டை இடித்து யாரோ கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பள்ளி மைதானத்தில் பாதியை நெல் மூட்டைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. திருவிழாவுக்குப் பட்டிமன்றம் கிடையாதாம். அதைவிட மட்டமான நகைச்சுவை எல்லோர் கையிலும் ஃபோனில் இருப்பதால் யாருக்கும் அதன் குறை தெரியவில்லை.

தெருக் கோடி வீட்டில் திலகா அத்தை மட்டும் இருக்கிறாள். முட்டி வலி, சர்க்கரை. எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கு யாராச்சும் ஒருத்தர் என்னய நிக்க வச்சு, ஏன்டி அடிச்சேன்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்களா அத்தை?"

அவள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"தெரியல. சிரிச்சாங்க. நான் செய்றது வெளையாட்டுதான்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. ஆனால் அவள் ஒருத்தியாவது இத்தனை காலம் கழித்து அதை அடி என்று சொன்னாள். கேட்டிருக்க வேண்டிய பெரியப்பா, அப்பா, அந்த ஏட்டு, கோயில் மைதானத்தில் திரும்பிப் பார்த்த பெரியவர்கள் என்று எல்லோருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊர் அவர்கள் இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.